கசியாத சீல் இல்லை

யமஹா ஆர்எக்ஸ் 100 இந்தியாவில் 1985 முதல் 1996 வரை தயாரானது. கடைசியாக வந்த வண்டிக்கே இன்று ஏறத்தாழ முப்பது வயது. 98 சிசி, 11 குதிரைத்திறன், 103 கிலோ என்று மூச்சுவிடாமல் ஒப்பிக்கத் தமிழ்நாட்டில் ஊருக்கு நாலு பேர் இருப்பார்கள். போர்ட், கார்புரேட்டர், சைலன்சர் என்று எஞ்சினைப் பற்றி விடிய விடியப் பேசுவார்கள். முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கைப் பற்றிய பேச்சு மட்டும் ஒரே வரியில் முடிந்துவிடும்: "ஆயில் அடிக்குது, சீல் மாத்தணும்."

மாற்றுகிறார்கள். சில மாதத்தில் மறுபடி ஆயில் அடிக்கிறது. டூப்ளிகேட் சீலைத் தலையில் கட்டிவிட்டதாக உதிரிபாகக் கடைக்காரருக்குத் திட்டு விழுகிறது. சில சமயம் அது உண்மையாகவும் இருக்கும். பல நேரம் குற்றவாளி வேறு. ரப்பர் உதடு, அது உரசும் குரோம் பரப்பு, இரண்டுக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்ப் படலம் ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் ஆயில் சீல். கடையில் காசு கொடுத்து வாங்குவது இந்த மூன்றில் ஒன்றை மட்டும்தான்.

ஸ்பிரிங் மட்டும் போதாது

ஃபோர்க்கின் ஒவ்வொரு காலும் ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இரண்டு குழாய்கள். மேலிருந்து இறங்கும் எஃகுக் குழாய்க்கு ஃபோர்க் பைப் என்று பெயர். சக்கரத்தைப் பிடித்திருக்கும் அலுமினியக் கூட்டைப் பட்டறையில் பாட்டம் என்பார்கள். உள்ளே நீளமான ஒரு ஸ்பிரிங், கொஞ்சம் எண்ணெய், மீதி காற்று. பைப் பாட்டத்துக்குள் நுழையும் வாயில் ஆயில் சீல் உட்கார்ந்திருக்கிறது.

இந்தக் கால்கள் சுமப்பதை ஒரு சின்னக் கணக்கில் பார்த்துவிடலாம். வண்டியும் ஓட்டுபவரும் சேர்ந்து 180 கிலோ என்று வைத்துக்கொள்வோம். எடையின் மையம் தரையிலிருந்து 60 செ.மீ. உயரத்தில், இரண்டு சக்கரங்களுக்கும் இடைவெளி 1.25 மீட்டர். புவியீர்ப்பு முடுக்கத்தில் பாதி அளவுக்கு வேகம் குறையும்படி பிரேக் பிடித்தால், பின்சக்கரத்தின் சுமையிலிருந்து ஏறத்தாழ 43 கிலோ முன்சக்கரத்துக்கு மாறுகிறது. பிரேக் பிடிக்கும்போது வண்டி மூக்கைத் தாழ்த்துவது இதனால்தான். அந்தச் சமயத்தில் ஒரு பள்ளமும் வந்தால் அதன் அடி தனிக்கணக்கு.

ஸ்பிரிங் அடியை வாங்கிக்கொள்ளும், ஆனால் வைத்துக்கொள்ளாது. வாங்கிய ஆற்றலை அப்படியே திருப்பித் தரும். அதை அதன் போக்கில் விட்டால் ஒரு பள்ளத்துக்கு வண்டி பலமுறை குதிக்கும். சக்கரம் தரையை விட்டு எழும் ஒவ்வொரு கணமும் பிரேக்கும் ஹேண்டில்பாரும் நம் சொல் கேட்காது. ஆகவே ஆற்றலை எங்காவது கழித்தாக வேண்டும். ஆரம்ப கால மோட்டார் சைக்கிள்களில் உரசும் தட்டுகளை இறுக்கி இதைச் சமாளித்தார்கள். எண்ணெயை வைத்து அடக்கும் டெலஸ்கோப்பிக் ஃபோர்க் 1935இல் பிஎம்டபிள்யூவின் ஆர் 12, ஆர் 17 வண்டிகளில் விற்பனைக்கு வந்தது. 1941 முதல் பிரிட்டிஷ் ராணுவத்துக்குப் போன மேட்ச்லெஸ் ஜி3/எல் வண்டியிலும் அது இருந்தது. போருக்குப் பின் உலகமே அந்த வழிக்கு வந்தது. திருவொற்றியூரில் தயாரான புல்லட்டின் ஃபோர்க்கும் இதே பரம்பரை.

ஃபோர்க் அழுந்தும்போது எண்ணெய் சிறு துளைகள் வழியாகப் பிதுங்கி ஓட வேண்டியிருக்கிறது. ஓடும் எண்ணெயின் உராய்வில் இயக்க ஆற்றல் வெப்பமாகிறது. துளை வழியே பாயும் திரவத்தின் தடை, தோராயமாக வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயரும். வேகம் இரு மடங்கானால் தடை நான்கு மடங்கு. அதனால் மெல்லத் தாழும்போது வழிவிடும் அதே ஃபோர்க், ஸ்பீடு பிரேக்கரில் வேகமாக ஏறினால் கையை உதறுகிறது. திரும்பி எழும்போது பயன்படும் துளைகளை இன்னும் சிறியதாக வைத்திருப்பார்கள். அழுந்துவதை விட எழுவது நிதானமாக நடந்தால்தான் சக்கரம் தரையில் தங்கும்.

இவ்வளவு வேலையும் நடப்பது ஒரு குவளை எண்ணெயில். அது வெளியேறிவிட்டால் மிஞ்சுவது வெறும் ஸ்பிரிங். வழிந்த எண்ணெய் பாட்டத்தின் வழியே இறங்கி பிரேக் டிரம்முக்குள் போனால், பிரேக் ஷூவின் பிடியும் போகும்.

உதட்டின் இரண்டு சரிவுகள்

புதிய சீல் ஒன்றைக் கையில் எடுத்து உள்விளிம்பைப் பாருங்கள். உதட்டைச் சுற்றி வளையமாக ஒரு மெல்லிய ஸ்பிரிங் இருக்கும். உதட்டின் முனையிலிருந்து இரண்டு பக்கமும் சரிவுகள் இறங்கும். எண்ணெயைப் பார்த்த பக்கம் செங்குத்தாகவும், வெளிக்காற்றைப் பார்த்த பக்கம் படுத்தாற்போலவும் இருக்கும். சீலின் சூட்சுமம் இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

பைப் பாட்டத்திலிருந்து வெளியே வரும்போது அதன் மேல் ஒட்டியிருக்கும் எண்ணெய் செங்குத்துச் சரிவில் மோதுகிறது. அங்கே அழுத்தம் சட்டென ஏறுவதால் உதடு எண்ணெயை வழித்துவிடும். மிக மெல்லிய படலம் மட்டும் தப்பி வெளியே வரும். அதன் தடிமன் ஒரு மைக்ரான் அளவோ அதற்கும் குறைவோதான். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பைப் மறுபடி உள்ளே போகும்போது அந்தப் படலம் படுத்த சரிவை எதிர்கொள்கிறது. அங்கே அழுத்தம் மெதுவாக ஏறுவதால் உதடு லேசாக எழும்பி எண்ணெய்க்கு வழிவிடுகிறது. வெளியே போனது உள்ளே திரும்புகிறது.

ஆக, நல்ல சீலும் ஒவ்வொரு குதிப்புக்கும் கசியத்தான் செய்கிறது; கசிந்ததைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். அந்தப் படலம் இல்லாவிட்டால் ரப்பர் வறண்ட குரோமின் மேல் உரசிச் சூடாகி உதடு கிழிந்துவிடும். சீலுக்கு மசகும் அந்தக் கசிவேதான்.

இதைத் தெரிந்துகொண்டால் "ஸ்பிரிங் தெரியற பக்கம் உள்ளே போகணும்" என்று மெக்கானிக் சொல்வதன் காரணம் புரியும். சீலைத் திருப்பிப் போட்டால் சரிவுகளும் இடம் மாறும். ஒவ்வொரு குதிப்பிலும் அதிகமாக வெளியேற்றிக் குறைவாகத் திரும்ப எடுக்கும். எண்ணெயைக் காக்க வேண்டிய சீல், அதை வெளியேற்றும் பம்பாகிவிடும்.

ரப்பரின் முதுமை

கன்னியாகுமரி மலைத் தோட்டங்களில் பால் வெட்டி எடுக்கும் இயற்கை ரப்பர் இந்த வேலைக்கு ஆகாது. அதுவும் ஹைட்ரோகார்பன், எண்ணெயும் ஹைட்ரோகார்பன். ஒரே இனம் என்பதால் எண்ணெய் மூலக்கூறுகள் ரப்பருக்குள் புகுந்து அதை ஊதச் செய்யும். 1930களில் ஜெர்மனியில் பியூட்டாடையீனையும் அக்ரிலோநைட்ரைலையும் சேர்த்து நைட்ரைல் ரப்பரை உருவாக்கினார்கள். நைட்ரைல் தொகுதிகளில் மின்னேற்றம் ஒருபுறம் சாய்ந்திருப்பதால் எண்ணெய்க்கு அங்கே இடமில்லை. ஃபோர்க் சீல்களில் பெரும்பாலும் இருப்பது இந்த ரப்பர்தான்.

அதற்கும் ஆயுள் உண்டு. வெப்பமும் ஆக்சிஜனும் நாளடைவில் மூலக்கூறுச் சங்கிலிகளுக்கு இடையே புதுப்புதுப் பிணைப்புகளைப் போட, ரப்பர் இறுகிவிடும். காற்றிலுள்ள ஓசோன் இழுபட்ட இடங்களில் வெடிப்பு விழச் செய்யும். இறுகிய உதடு பைப்பின் சின்ன அசைவுகளைப் பின்தொடர முடியாமல் பின்தங்கும். அந்த இடைவெளி போதும், எண்ணெய் வெளியே வந்துவிடும். பல வருடம் நிறுத்தி வைத்த வண்டியில் இது இன்னும் மோசம். உதடு ஒரே இடத்தில் அழுந்திக் கிடந்து அந்த வடிவத்திலேயே நின்றுவிடுகிறது. "ஓடாத வண்டி, தேய்ந்திருக்காது" என்று நம்பி வாங்கியவர்கள், முதல் வாரமே பாட்டத்தில் எண்ணெய் வழிவதைப் பார்ப்பது இதனால்தான்.

இந்த அளவோடு நின்றால் புதுச் சீல் போட்டால் தீர்ந்துவிடும். தீராததற்குக் காரணம் எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது.

குரோமுக்கு அடியில் துரு

ஃபோர்க் பைப்பின் பளபளப்பும் சைலன்சரின் பளபளப்பும் ஒன்றுபோல் தெரியும். இரண்டும் வேறு. சைலன்சரிலும் ஹேண்டில்பாரிலும் நிக்கல் பூச்சின் மேல் ஒரு மைக்ரானுக்கும் குறைவான குரோம் அழகுக்காகப் பூசப்பட்டிருக்கும். ஃபோர்க் பைப்பில் இருப்பது ஹார்டு குரோம். எஃகின் மேலேயே பத்து, இருபது மைக்ரான் அல்லது அதற்கு மேலும் தடிமனாக ஏற்றியிருப்பார்கள். எஃகை ராவும் அரமே அதன்மேல் வழுக்கிப் போகும்.

ஆனால் ஹார்டு குரோம் படியும்போதே அதனுள் நுண்ணிய விரிசல்கள் வலைபோல் விழுகின்றன. புதிதாக இருக்கும்போது அவை அடிவரை போவதில்லை. கொஞ்சம் எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொண்டு உதவவும் செய்யும். கல் தெறித்தோ தேய்ந்தோ ஒரு விரிசல் எஃகைத் தொட்டுவிட்டால் மழைநீரும் கடற்கரை ஊர்களின் உப்புக்காற்றும் உள்ளே போகும். குரோமின் மேற்பரப்பில் உருவாகும் ஆக்சைடு அதைக் காத்துவிடும். கீழே இருக்கும் இரும்பு அரிபடும். பரந்த குரோம் பரப்புக்கு ஊசிமுனை அளவு இரும்பு என்ற விகிதத்தில் மின்வேதி அரிப்பு முழுவதும் அந்த ஒரு புள்ளியில் குவிகிறது. துரு இரும்பை விட அதிக இடம் பிடிப்பதால் குரோமைக் கீழிருந்து நெம்பித் தள்ளும். கடைசியில் ஒரு குழி விழும், அதைச் சுற்றிக் கூரான விளிம்பு.

புதுச் சீலின் உதடு அந்த விளிம்பைத் தினமும் ஆயிரக்கணக்கான முறை கடக்கிறது. ஒரு மைக்ரான் படலத்தை நம்பி வாழும் உதட்டுக்கு, பத்து மைக்ரான் ஆழக் குழி என்பது எண்ணெயை வாரி வெளியே கொட்டும் கரண்டி. போதாக்குறைக்கு விளிம்பு உதட்டையும் சீவுகிறது. சீல் திரும்பத் திரும்பப் போவதன் கதை இதுதான்.

இதைக் கண்டுபிடிக்கப் பழைய நைலான் துணி போதும். பைப்பைத் துடைத்துவிட்டு நைலானை மேலும் கீழும் இழுத்தால் குழி இருக்கும் இடத்தில் நூல் மாட்டும். ஆனால் எல்லாத் துருவும் சீலின் எதிரி அல்ல. பைப்பில் ஒரு கேபிள் டையைச் சீலை ஒட்டிக் கட்டிவிட்டு ஒரு சுற்று ஓட்டி வாருங்கள். டை எவ்வளவு மேலே தள்ளப்பட்டதோ அதுவரைதான் சீலின் பயணம். அதற்கு மேலே, ஹெட்லைட் பிடிக்குப் பின்னால் இருக்கும் துருவால் எண்ணெய் கசியாது.

பயணப் பாதையில் ஒன்றிரண்டு சிறு குழிகள் என்றால் விளிம்பை மழுக்கி, எபாக்சி வைத்து அடைத்து, மட்டமாகத் தேய்த்துக் கொஞ்ச காலம் ஓட்டலாம். எமரி பேப்பரைப் பைப்பைச் சுற்றி வளைத்துத் தேய்க்க வேண்டும். நீளவாக்கில் தேய்த்தால் விழும் கோடுகள் எண்ணெய்க்கு வாய்க்கால் வெட்டிக் கொடுத்ததாகிவிடும். குழிகள் நிறைய இருந்தால் புது பைப் வாங்க வேண்டும், இல்லாவிட்டால் பழையதைக் கிரைண்டிங் செய்து, மறுபடி ஹார்டு குரோம் ஏற்றி, சரியான அளவுக்குத் திரும்ப அரைக்க வேண்டும். ஹைட்ராலிக் ராடுகளுக்கு இந்த வேலையைச் செய்யும் கூடங்கள் கோயம்புத்தூரிலும் சென்னைத் தொழிற்பேட்டைகளிலும் உண்டு. சைலன்சருக்கு நிக்கல் போடும் கடையில் கொடுத்தால் பளபளப்பு மட்டும் கிடைக்கும். குரோம் ஏற்றும் குளியலில் இருப்பது ஆறு இணைதிறன் குரோமியம், புற்றுநோய் உண்டாக்கும். ராணிப்பேட்டையில் மூடிக்கிடக்கும் ஆலையின் கழிவுமேடு நிலத்தடி நீரைக் கெடுத்ததற்கும் இதே வடிவக் குரோமியம்தான் காரணம். கழிவைச் சுத்திகரிக்கும் கூடத்தில் கேட்கும் கூலி ஏன் அதிகம் என்பதற்கு இதுவே பதில்.

பெண்டு எடுத்த பைப்

முன்னால் மோதிய வண்டியில் பைப் வளைந்திருக்கும். வளைவு பெரும்பாலும், பைப்பை வண்டியோடு இறுக்கிப் பிடிக்கும் இரண்டு பிடிகளில் கீழ்ப்பிடிக்குச் சற்றுக் கீழே விழும்; வளைக்கும் திருப்புவிசை உச்சமாக இருப்பது அங்கேதான். எஃகு ஓர் எல்லை வரை ஸ்பிரிங்போல வளைந்து திரும்பிவிடும். எல்லை தாண்டினால் படிகங்களுக்குள் அணு வரிசைகள் நிரந்தரமாக நழுவிவிடும். வளைந்திருக்கிறதா என்பதைப் பைப்பைக் கழற்றாமல் முடிவு செய்யக் கூடாது. பல வண்டிகளில் மோதியபோது பைப்கள் பிடிகளுக்குள் முறுக்கிக்கொண்டிருக்குமே தவிர வளைந்திருக்காது. போல்ட்டுகளைத் தளர்த்திச் சக்கரத்தை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கி ஹேண்டில்பாரைத் திருப்பினாலே நேராகிவிடும். சந்தேகம் இருந்தால் கழற்றிய பைப்பைத் தடித்த கண்ணாடி மேல் உருட்டிப் பாருங்கள்; அடியில் வெளிச்சம் விட்டுவிட்டுத் தெரிந்தால் வளைவு. சரியாக அளக்க லேத் கடையில் வி-பிளாக்கும் டயல் கேஜும் வேண்டும். 0.2 மி.மீ. என்பது பல தயாரிப்புக் கையேடுகளில் வரும் எல்லை.

பிரஸ்ஸில் வைத்துப் பெண்டு எடுப்பது நம் ஊரில் சகஜம். கண்ணுக்கு நேராகிவிடும். பலமும் திரும்பிவிட்டதா? 1880களில் ம்யூனிக்கில் உலோகங்களைச் சோதித்த ஜோஹான் பவுஷிங்கர் கவனித்தது இதுதான்: ஒரு பக்கம் எல்லை மீறி வளைத்த எஃகை எதிர்ப்பக்கம் வளைத்தால், முன்பை விடக் குறைந்த விசையிலேயே அது விட்டுக்கொடுத்துவிடுகிறது. முதல் வளைவில் நெருக்கியடித்துச் சேர்ந்த படிகக் குறைகள் உள்ளே ஒரு பின்னழுத்தத்தை வைத்திருக்கின்றன. எதிர்த்திசையில் தள்ளும்போது அது நம்மோடு சேர்ந்து தள்ளுகிறது.

பைப்புக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். மோதல் பைப்பைப் பின்னுக்கு வளைத்தது. பிரஸ் முன்னுக்குத் தள்ளி நிமிர்த்தியது. அடுத்த பள்ளம் மறுபடி பின்னுக்குத் தள்ளும். பிரஸ் கடைசியாகத் தள்ளிய திசைக்கு அது எதிர்த்திசை. அதாவது பைப் இப்போது பலவீனமாக இருக்கும் திசை. "பெண்டு எடுத்தது, சீக்கிரமே மறுபடி பெண்டாச்சு" என்ற புலம்பலுக்குப் பின்னால் நூற்று நாற்பது வருடத்துக்கு முந்தைய ஓர் ஆய்வு நிற்கிறது. கேஸ் வைத்துச் சூடாக்கி நிமிர்த்தினால் எஃகின் கடினமும் போகும். வளைந்த இடத்தில் குரோம் வேறு வெடித்திருக்கும். இலேசான வளைவுக்குப் பெண்டு எடுக்கலாம். கண்ணுக்குத் தெரியும் வளைவு என்றால் பைப்பை மாற்றிவிடுவதுதான் உயிருக்கு நல்லது.

பைப் நேராக இருந்தும் சீல் நிற்காவிட்டால் பாட்டத்தைப் பாருங்கள். இந்தக் காலத்துச் சிறிய வண்டிகள் பலவற்றில் பைப் உரசி நகரத் தனி புஷ் கிடையாது. அலுமினியத் துளையேதான் புஷ். அது தேய்ந்தால் பைப் பக்கவாட்டில் ஆடும், உதடு ஒரு புறம் நசுங்கி மறுபுறம் விலகும். ஃபோர்க்கை முழுதும் நீட்டிப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினால் கையிலேயே தெரிந்துவிடும்.

கழற்றும் வரிசை

சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, எஞ்சினுக்கு அடியில் முட்டுக் கொடுத்து, சக்கரத்தை எடுக்கும் முன்பே இரண்டு போல்ட்டுகளைத் தளர்த்திவிட வேண்டும். ஒன்று பைப்பின் மேல்மூடி. பிடியில் இறுகி இருக்கும்போதே அதை அசைத்துவிட வேண்டும். கழற்றிய பின் வழுவழுப்பான பைப்பைப் பிடித்து வைக்க வழியில்லை. இன்னொன்று பாட்டத்தின் அடியில் உள்ள ஆலன் போல்ட். எண்ணெய்த் துளைகள் உள்ள டேம்பர் குழாயை உள்ளே ஸ்பிரிங் அழுத்திக்கொண்டிருக்கும் வரைதான் அது சுற்றாமல் நிற்கும். ஸ்பிரிங்கை எடுத்த பின் திருகினால் உள்ளே எல்லாம் சேர்ந்து சுழலும். மேல்மூடியை முழுதாகக் கழற்றும்போது முகத்தை விலக்கிக்கொள்ளுங்கள், அடியில் ஸ்பிரிங் இருக்கிறது.

சீலைப் பூட்டி வைத்திருக்கும் சர்க்ளிப்பை எடுத்த பிறகும், பழைய சீல் பாட்டத்தில் இறுகி உட்கார்ந்திருக்கும். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் அலுமினியத்தில் விழும் கீறல், புதுச் சீலின் வெளிப்பக்கம் வழியாக எண்ணெயை விடும். வெந்நீரில் நனைத்த துணியைப் பாட்டத்தின் வாயைச் சுற்றிக் கட்டினால் போதும். வெப்பநிலை 60 டிகிரி உயர்ந்தால் 40 மி.மீ. அலுமினியத் துளை ஏறத்தாழ 0.055 மி.மீ. விரியும். சீலின் எஃகுக் கூடு அதே சூட்டிலும் அதில் பாதி அளவுதான் விரியும். அந்த இடைவெளியில் சீல் பிடி தளர்ந்துவிடும்.

புதுச் சீலைப் பைப்பில் ஏற்றும்போது பைப்பின் கூரான முனையில்தான் பல உதடுகள் முதல் நாளே கிழிகின்றன. அனுபவப்பட்ட மெக்கானிக்குகள் முனையில் ஒரு பால் கவரைப் போர்த்தி, எண்ணெய் தடவி, அதன்மேல் சீலை வழுக்கி இறக்குவார்கள். பிறகு பழைய சீலை மேலே வைத்து, அளவான குழாயால் சுற்றிலும் சமமாகத் தட்டி உட்கார வைப்பார்கள்.

எண்ணெயும் காற்றும்

புது எண்ணெய் ஊற்றும்போது "கொஞ்சம் அதிகமா இருந்தா நல்லதுதானே" என்று தோன்றும். ஃபோர்க்குக்குள் காற்றும் ஒரு ஸ்பிரிங்தான். பைப்பின் வெளிவிட்டம் 30 மி.மீ. என்றால், அது 10 செ.மீ. உள்ளே போகும்போது 70 மில்லி இடத்தை அடைத்துக்கொள்ளும். எண்ணெய் அழுந்தாது, காற்றுதான் அழுந்த வேண்டும். 140 மில்லி காற்று இருந்தால் அது 70 ஆகி, அழுத்தம் இரு மடங்காகும். 30 மில்லி எண்ணெய் கூடுதலாக ஊற்றியிருந்தால் 110 மில்லி காற்று 40 ஆகச் சுருங்கி, அழுத்தம் 2.75 மடங்காகும். வெளிக்காற்றைக் கழித்துப் பார்த்தால் சீல் தாங்க வேண்டிய சுமை முக்கால் பங்கு கூடிவிட்டது. இரண்டு காலிலும் ஒரே அளவு இருப்பதும் அவசியம். கையேட்டில் சொன்ன அளவை அளவுக் குவளையில் ஊற்றி, பைப்பை மேலும் கீழும் பலமுறை இழுத்துக் காற்றுக் குமிழ்களை வெளியேற்றிய பிறகு மட்டத்தைச் சரிபாருங்கள்.

எந்த எண்ணெய் என்பதற்கும் கையேடுதான் வழி. கைக்குக் கிடைத்த 20டபிள்யூ40 எஞ்சின் ஆயிலை ஊற்றுவது பழைய வழக்கம். சாதாரண 10டபிள்யூ ஃபோர்க் ஆயிலை விட அது மூன்று மடங்குக்கு மேல் பிசுப்பானது. அழுந்திய ஃபோர்க் எழுவதற்குள் அடுத்த பள்ளம் வந்துவிடும். சீல் கசிவது நிற்கட்டும் என்று கெட்டியான எண்ணெயை ஊற்றுபவர்களும் உண்டு. கசிவு சில நாள் தள்ளிப்போகும். பைப்பில் உள்ள குழி அப்படியேதான் இருக்கும்.

எல்லாவற்றையும் மாட்டிய பின் ஆக்சிலையும் பிடிகளையும் முழுதாக இறுக்காமல், முன்பிரேக்கைப் பிடித்துச் சில முறை அழுத்தி எழுப்புங்கள். இரண்டு கால்களும் தாமாக இணையாக வந்து நிற்கும். அதன் பிறகு கீழிருந்து மேலாக இறுக்குங்கள். இணையாக இல்லாத கால்களில் புதுச் சீலின் ஆயுள் பாதிதான்.

ஓட்டி வந்த பிறகு பைப்பில் விரலை வையுங்கள். விரலில் மினுமினுப்பாக ஒட்டும் ஈரம் சரியான சீலின் அடையாளம். அதைத் துடைத்துவிட்டுக் கவலைப்பட வேண்டியதில்லை. சொட்டாகத் திரண்டு பாட்டத்தில் இறங்கினால், உடனே இன்னொரு சீல் வாங்கக் கிளம்பாதீர்கள். முதலில் நைலான் துணி, அடுத்து கண்ணாடிப் பலகை, அதற்கடுத்து பாட்டத்தின் ஆட்டம், பிறகு எண்ணெயின் அளவு. நான்கையும் பார்த்து முடித்த பிறகும் குற்றவாளி கிடைக்கவில்லை என்றால்தான் கடைக்காரரைத் திட்டும் உரிமை நமக்கு வருகிறது.